பெல்ட் வாங்கினால் பாதுகாப்பு வந்துவிடுமா? தற்காப்புப் பயிற்சி பற்றிப் பெற்றோருக்கு ஒரு பாடம்



பிள்ளைகளுக்குத் தற்காப்பு வகுப்பு ஒன்றை அறக்கட்டளை மண்டபத்தில் நடத்த வேண்டும் என்று இந்த ஆண்டு பல குடும்பங்கள் கேட்டிருக்கின்றன. பெண் பிள்ளைகளுக்காகக் கேட்டவர்களே அதிகம். நிர்வாகக் குழு கூடிப் பேசி, நடத்துவது என்று முடிவு செய்துவிட்டோம். அதற்கு முன் இந்தப் பாடத்தை எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. விசாரிக்க வந்த பெற்றோர் பெரும்பாலும் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மாசத்துல பிளாக் பெல்ட் குடுப்பாங்க?" என்பதுதான். பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுப்பார்கள், அது எங்கே உதவும், எங்கே உதவாது என்று கேட்டவர்கள் மிகச் சிலர். காசும் நேரமும் வீணாவது ஒரு பக்கம். இல்லாத பலத்தை இருப்பதாக நம்பி ஒரு பிள்ளை ஆபத்தில் போய் நிற்பது வேறு. அதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தக் கறுப்பு பெல்ட்டையே எடுத்துக்கொள்வோம். அதை வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜூடோவை உருவாக்கிய ஜப்பானியர் கானோ ஜிகோரோ. 1882-இல் டோக்கியோவில் கோடோகான் என்ற பள்ளியைத் தொடங்கினார். அவர் ஒரு கல்வியாளர், உடல் சிறியவர். தேர்ந்த மாணவருக்கு அவர் வைத்த முதல் படிக்கு 'ஷோடான்' என்று பெயர். அதன் பொருள் தொடக்கப் படி. அதாவது கறுப்பு பெல்ட் கட்டியவன் படித்து முடித்தவன் அல்ல; எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன், இனிமேல்தான் பாடம் என்று பொருள். மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது எளிதில் புரியும். யஸ்ஸர்னல் குர்ஆன் முடித்த பிள்ளையை நாம் ஆலிம் என்று சொல்வதில்லை. மஞ்சள், பச்சை, நீலம் என்று இன்று காணும் வண்ண பெல்ட்டுகள் எல்லாம் ஐரோப்பாவில் ஜூடோ பரவிய காலத்தில் பெருகியவை; பயில்பவர் சோர்ந்துவிடாமல் இருக்க அது ஒரு வழி. அதில் தவறில்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தேர்வுக் கட்டணம், ஒரு சான்றிதழ், ஒரு போட்டோ என்று அது வியாபாரமாகிப் போன இடங்களில்தான் தவறு வந்தது. எட்டு வயதுப் பிள்ளைக்குக் கறுப்பு பெல்ட் கட்டி, 'உன்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாது' என்று சொல்லி அனுப்பினால், அதை அந்தப் பிள்ளை அப்படியே நம்பிவிடும்.

கானோ செய்த இன்னொரு காரியம் இதைவிடப் பெரியது. அவருக்கு முன்பிருந்த பல பள்ளிகளில், பயிற்சியின் பெரும்பகுதி ஒருவர் தாக்குவதுபோல் வருவார், மற்றவர் முன்பே தெரிந்த பிடியைப் போடுவார், வந்தவர் விழுவார் என்ற முறையில் இருந்தது. அபாயமான பிடிகளை உண்மையாகப் போட்டால் ஆள் முடமாகிவிடுவார் என்பதால் அப்படி வைத்திருந்தார்கள். கானோ அபாயமான பிடிகளைத் தனியே ஒதுக்கினார். மீதி இருந்தவற்றை, எதிராளி முழு பலத்தோடு எதிர்க்க எதிர்க்கப் பழகும் முறைக்கு முக்கியத்துவம் கொடுத்தார். அதற்கு 'ரண்டோரி' என்று பெயர். விழமாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஒருவரைத் தினமும் தள்ளிப் பார்ப்பவருக்கு இரண்டு விஷயங்கள் தெரிந்துவிடும். எது வேலை செய்கிறது என்பது ஒன்று. தனக்கு எவ்வளவு வரவில்லை என்பது இன்னொன்று. பணிவு என்பதைத் தனிப் பாடமாக அங்கே நடத்த வேண்டியதில்லை. தினமும் பத்து முறை கீழே விழுந்தால் தானாக வந்துவிடும்.

இது இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் ஜப்பானிலேயே ஓர் உதாரணம் உண்டு. யானாகி ரியூகென் என்ற முதிய ஆசிரியர் ஒருவர், ஆளைத் தொடாமலே தன் சக்தியால் வீழ்த்துவதாகச் சொல்லி வந்தார். அவர் கையை அசைத்தால் மாணவர்கள் வரிசையாகச் சுருண்டு விழுவார்கள். அந்தப் படக்காட்சிகள் இன்றும் கிடைக்கின்றன. 2006-இல் பந்தயம் வைத்து ஒரு சண்டைப் பயிற்சியாளரோடு உண்மையாக மோதினார். கையை அசைத்துப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. முகத்தில் அடி வாங்கிக் கீழே விழுந்தார், போட்டி சற்று நேரத்தில் முடிந்தது. அவரை மோசடிக்காரர் என்று சொல்லி நாம் கடந்து போய்விடலாம். ஆனால் பந்தயம் வைத்து வந்து நின்றாரே, அதைப் பார்த்தால் அவர் தன் சக்தியை மெய்யாகவே நம்பியிருந்தார் என்றுதான் எண்ணத் தோன்றுகிறது. மரியாதைக்காக விழுந்துகொண்டிருந்த மாணவர்கள்தான் அந்த நம்பிக்கையை வளர்த்தவர்கள். ஆசிரியரிடம் மரியாதை வேண்டும். அது நம் மார்க்கக் கல்வியின் அடிப்படை. ஆனால் விழாதபோது விழுந்ததாக நடிப்பது மரியாதையில் சேராது, அது ஆசிரியருக்கே செய்யும் துரோகம்.

ஆண்டு விழா மேடைகளில் ஓடு உடைப்பதையும், கையின்மேல் பைக் ஏற்றுவதையும், தீ வளையத்துக்குள் பாய்வதையும் நாம் கை தட்டிப் பார்க்கிறோம். ஓடு நகராது, திருப்பி அடிக்காது, கூட இரண்டு பேரைக் கூட்டி வராது. வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில் வளர்ச்சிக்கான மென்பகுதி இருக்கிறது. அதில் அடிபட்டால் எலும்பின் வளர்ச்சியே பாதிக்கப்படலாம். கைதட்டுக்காக நம் பிள்ளைகளின் விரல் எலும்பைக் கொடுக்க வேண்டாம். நம் ஊர்ப்பக்கத்துச் சிலம்ப வாத்தியார்கள் இந்த விஷயத்தில் நல்ல முன்மாதிரி. காலடி வரிசை சரியாக வராதவரை கம்பைச் சுழற்ற விடமாட்டார்கள். பிள்ளைகளுக்குச் சலிப்பாக இருக்கும், பார்க்கும் பெற்றோருக்கு அதைவிடச் சலிப்பாக இருக்கும். ஆனால் எங்கே நிற்பது, எப்படி விலகுவது என்பதுதான் தற்காப்பில் பாதி.

சரி, முழு பலத்தோடு பழகும் நல்ல பள்ளியில் சேர்த்துவிட்டோம், இனிக் கவலை இல்லையா? 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் வெவ்வேறு கலைகளைச் சேர்ந்தவர்களை ஒரே கூண்டுக்குள் மோதவிட்டார்கள். பிரேசிலைச் சேர்ந்த ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரை வென்றார். கலந்துகொண்டவர்களில் உடல் எடை குறைந்தவர்களில் அவர் ஒருவர். தரையில் கட்டிப்பிடித்து மல்லுக்கட்டும் வித்தை அவருடையது. மற்றவர்களில் பெரும்பாலோர் அதைப் பழகியதில்லை. தான் பழகாத வித்தை எதிரே வந்தால் பெரிய வீரரும் திணறுவார் என்பதை உலகம் கண்டது. ஆனால் அங்கேயும் எதிரில் ஒருவர்தான். நடுவர் இருந்தார். தோற்றவர் தட்டினால் விட்டுவிட்டார்கள். தெருவில் இவை எதுவும் கிடையாது. பஸ் நிலையத்தின் சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்து ஒருவனைப் பிடித்துக்கொண்டிருந்தால், அவனுடைய கூட்டாளி தலையில் மிதிப்பான். எந்தக் கலையும் பயனற்றது என்று நாம் சொல்ல வரவில்லை. எந்தக் கலைக்கும் ஓர் எல்லை உண்டு, அந்த எல்லையைச் சொல்லித் தருகிறவரே நல்ல ஆசிரியர்.

கத்தி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல வகுப்புகளில் மரக்கத்தியை வைத்துக்கொண்டு ஒருவர் மெதுவாகக் குத்த வருவார், மற்றவர் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிக் கத்தியைப் பறிப்பார். பார்க்க அழகாக இருக்கும். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் காவல்துறைப் பயிற்சியாளராக இருந்த டென்னிஸ் டியூலர் ஒரு சோதனை செய்து பார்த்து, 1983-இல் அதைப் பற்றி எழுதினார். கத்தியோடு ஓடிவரும் ஒருவர் 21 அடி தூரத்தை ஏறக்குறைய ஒன்றரை விநாடியில் கடந்துவிடுகிறார். இடுப்பில் துப்பாக்கி வைத்திருக்கும் பயிற்சி பெற்ற போலீஸ்காரருக்கே அதை உருவிச் சுட அவ்வளவு நேரம் ஆகும். 21 அடி என்றால் நம் வீட்டில் இரண்டு அறைகளின் நீளம். துப்பாக்கி வைத்திருப்பவர் நிலையே இப்படி என்றால், ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு மணி நேரம் பழகிய கல்லூரி மாணவர் வெறுங்கையால் என்ன செய்வார்? உண்மையில் கத்தி பிடித்தவன் ஒரு முறை குத்திவிட்டுக் கையை நீட்டியபடி நிற்பதும் இல்லை. இழுத்து இழுத்துப் பலமுறை குத்துவான். எனவே நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டியது இது: கத்தியைக் காட்டிப் பர்ஸைக் கேட்டால் கொடுத்துவிடு. செல்போனைக் கேட்டால் கொடுத்துவிடு. வழி இருந்தால் ஓடு. ஓட வழியில்லை, உயிருக்கே வருகிறான் என்றால் நாற்காலியோ சைக்கிளோ பையோ, எதையாவது நடுவில் போடு. சங்கிலி பறிப்பிலும் இதே கணக்குதான். பைக்கில் வந்தவன் இழுக்கும்போது சங்கிலியை விடாமல் பிடித்துக்கொண்டால் பெண்கள் தரையோடு இழுபட்டுத் தலையில் அடிபடுவார்கள். நான்கு பவுன் போனால் அழுதுவிட்டு வீட்டுக்கு வரலாம்.

அடுத்தது, தாய்மார்கள் கவனமாகப் படிக்க வேண்டியது. அத்தாமார்களும்தான்.

பயம் வந்தால் உடம்பு நம் பேச்சைக் கேட்காது. நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், செல்போன் பூட்டைத் திறக்கக்கூட விரல் சரியாகப் போகாது. கண் ஒரே இடத்தில் குத்திட்டுவிடும், பக்கத்தில் கதவு திறந்திருப்பது தெரியாது. மணிக்கட்டை இப்படித் திருப்பி, விரலை அப்படி மடக்கி என்று நுணுக்கமாகப் பழகியவை அந்த நேரத்தில் கைக்கு வராமல் போகும். பெரிய அசைவுகள்தான் மிஞ்சும்: தள்ளுவது, முழங்கையால் இடிப்பது, முழங்காலால் உதைப்பது, கத்துவது, ஓடுவது. ஒருவர் கையைப் பிடித்தால் அவருடைய பெருவிரல் இருக்கும் பக்கமாக இழுத்து உருவ வேண்டும். பிடியில் பலம் குறைந்த இடம் அதுதான். இது எளிய வித்தை, பத்து நிமிடத்தில் பழகலாம். ஆனால் பிடிப்பவர் நிஜமாகவே இறுக்கிப் பிடிக்க வேண்டும், விட்டுக்கொடுக்கக் கூடாது. அப்படிப் பழகும்போது, சில நேரம் இந்த வித்தையும் வராது, இரண்டு கையையும் காலையும் குரலையும் சேர்த்துத்தான் விடுபட முடியும் என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

இன்னொன்றும் நடக்கும். உடம்பு அப்படியே உறைந்துபோகும். கத்த நினைத்தாலும் குரல் வராது, கை கால் அசையாது. சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில், பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்கான மருத்துவமனைப் பிரிவுக்கு வந்த 298 பெண்களிடம் மருத்துவர்கள் கேட்டறிந்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு எழுபது பேர் அந்த நேரத்தில் தங்கள் உடம்பு குறிப்பிடத்தக்க அளவு உறைந்துபோனதாகச் சொல்லியிருக்கிறார்கள். இதைக் கோழைத்தனம் என்றோ சம்மதம் என்றோ நினைப்பது பெரும் பாவம். பாம்பைக் கண்டு நம்மில் எத்தனையோ பேர் ஓடவும் தோன்றாமல் நின்றிருக்கிறோம்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறோம் என்றால், தற்காப்பு வகுப்புகள் தரும் பொய் நம்பிக்கையின் மிகக் கொடிய விளைவு இங்கேதான் வருகிறது. பிள்ளைக்கு ஏதோ ஒன்று நடந்துவிடுகிறது. உறவினர் வீட்டிலோ, டியூஷனிலோ, வேனிலோ. அழுதுகொண்டு வந்து சொல்கிறாள். பெற்றவர்கள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை, "கராத்தே கத்துக்கிட்டியே, நீ ஏன் அவனை அடிக்கல?" அந்தக் கேள்வியோடு அந்தப் பிள்ளையின் வாய் அடைந்துவிடும். அடுத்த முறை அவள் யாரிடமும் சொல்லமாட்டாள். குற்றவாளிக்கு அதைவிட வசதி வேறு என்ன வேண்டும்? வகுப்பில் சேர்க்கும் அன்றே வீட்டில் சொல்லிவிடுங்கள்: "உனக்குச் சண்டை போட முடியாமப் போனாலும் பரவாயில்ல. எங்ககிட்ட வந்து சொல்லு. உன்னை நாங்க ஒரு வார்த்தை கேக்கமாட்டோம்." பையன்களுக்கும் இதையே சொல்லுங்கள். ஆண் பிள்ளைகளுக்கு ஒன்றும் நேராது என்று நினைப்பவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள்.

யார் தாக்குவார் என்று நாம் கற்பனை செய்கிறோம்? இருட்டுச் சந்தில் முகமறியாத ஒருவன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரிந்தவர். தெரிந்தவர் என்றால் உறவினர், அண்டை வீட்டார், குடும்ப நண்பர், வேலை கொடுத்தவர். வகுப்பில் முகமூடிக்காரனை உதைக்கப் பழகிய பெண், மாமா முறை உள்ளவர் கையைப் பிடிக்கும்போது என்ன செய்வாள்? அவளைத் தடுப்பது அவருடைய பலம் அல்ல. சலாம் சொல்லி, எழுந்து நின்று, சிரித்த முகத்தோடு பேச வேண்டும் என்று நாமே பழக்கிய மரியாதை.

கனடாவின் வின்ட்சர் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லீன் சென் தலைமையில் ஒரு குழு இந்த இடத்தைத்தான் கவனித்தது. மூன்று பல்கலைக்கழகங்களில் 893 முதலாண்டு மாணவிகளைச் சேர்த்து இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு வழக்கமான துண்டுப் பிரசுரங்கள். மறு பகுதிக்கு மூன்று மணி நேர வகுப்பு நான்கு. தெரிந்தவரிடமிருந்து வரும் ஆபத்தை எப்படி அடையாளம் காண்பது, 'இவரையா சந்தேகப்படுவது' என்ற மனத்தடையை எப்படித் தாண்டுவது, வாயால் எப்படி மறுப்பது, தேவைப்பட்டால் கையால் எப்படி எதிர்ப்பது என்பவற்றோடு உறவுகள் பற்றிய பாடமும் அதில் இருந்தது. அடி உதை பழகியது அதில் ஒரு பகுதிதான். அடுத்த ஓராண்டில் வன்கொடுமைக்கு ஆளானவர்கள் பிரசுரம் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 9.8, வகுப்புக்கு வந்தவர்களில் 5.2. இது 2015-இல் மருத்துவ இதழில் வெளியானது. ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ், அது பெரிய விஷயம். ஆனால் 5.2 என்பது பூஜ்யம் அல்ல. நன்றாக நடத்தப்பட்ட பயிற்சியே சிலரைக் காக்கவில்லை. அது அவர்களுடைய குற்றமும் அல்ல.

இனி நம் பையன்கள். அவர்களுக்குத் தற்காப்புப் பயிற்சியால் வரும் ஆபத்து பெரும்பாலும் எதிர்த்திசையில் வருகிறது. ஆறு மாதம் பழகியவுடன், முன்பு விலகிப் போயிருக்கும் இடத்தில் இப்போது நின்று பார்க்கத் தோன்றும். பைக் உரசியது, கிரிக்கெட்டில் அவுட்டா இல்லையா, 'முறைச்சான்' என்று தொடங்கும் சண்டைகளில் ஒரே ஒரு குத்து போதும். குத்து கொல்வதில்லை, குத்து வாங்கியவன் நினைவிழந்து மல்லாந்து விழும்போது பின்மண்டை சிமெண்டில் மோதுகிறது, அதுதான் கொல்கிறது. இப்படிப்பட்ட சாவுகளுக்கென்றே ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2014-இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டி வந்தது. பலசாலி என்பவர் மல்யுத்தத்தில் வெல்பவர் அல்லர், கோபத்தில் தன்னை அடக்குபவர் என்ற கருத்துள்ள நபிமொழியை நம் பிள்ளைகள் மக்தபிலேயே மனனம் செய்திருக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ஓதியதை பைக் ஸ்டாண்டில் நினைவுக்குக் கொண்டுவருவதுதான் கஷ்டம். அதற்கும் பயிற்சி வேண்டும். "மன்னிச்சுக்கங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு நகர்வதை, பாத்திரம் ஏற்று நடித்து, வகுப்பிலேயே இருபது தடவை பழக்கலாம். முதலில் பிள்ளைகள் சிரிப்பார்கள். பழகிக்கொள்வார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. தற்காப்பு உரிமை அதில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் வருகிறது; பழைய 96 முதல் 106 வரை இருந்தவை. தன் உடலையும் பிறர் உடலையும் காக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. உயிர் போகும், கொடுங்காயம் ஏற்படும், பாலியல் வன்கொடுமை நடக்கும், கடத்துவார்கள், ஆசிட் வீசுவார்கள் என்ற நியாயமான அச்சம் இருந்தால், தாக்குபவனுக்கு மரணமே நேர்ந்தாலும் அது தற்காப்பாகக் கருதப்படும் என்று 38-ஆவது பிரிவு சொல்கிறது. அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, நியாயமான அச்சமே போதும் என்று உச்சநீதிமன்றமும் 2010-இல் தர்ஷன் சிங் வழக்கில் விளக்கியிருக்கிறது. எனவே ஒரு பெண் தன்னைக் காத்துக்கொள்ள அடித்துவிட்டு, கேஸ் ஆகிவிடுமோ என்று நடுங்க வேண்டியதில்லை.

ஆனால் 37-ஆவது பிரிவையும் படிக்க வேண்டும். காக்கத் தேவையான அளவுக்கு மேல் காயப்படுத்த உரிமை இல்லை. போலீசை அணுக நேரம் இருந்தபோதும் உரிமை இல்லை. 40-ஆவது பிரிவின்படி அச்சம் நீடிக்கும்வரைதான் உரிமை நீடிக்கும். அவன் விழுந்துவிட்டான், எழவில்லை, அப்போது போய் இன்னும் இரண்டு உதை கொடுத்தால் அந்த இரண்டு உதைக்கும் தற்காப்பு என்ற பெயர் கிடைக்காது. நேற்று அடித்தவனை இன்று ஆள் கூட்டிப் போய் அடிப்பது பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு எஃப்.ஐ.ஆர். என்றால் பாஸ்போர்ட் விசாரணையில் நிற்கும், வெளிநாட்டு வேலை கைக்கு எட்டும் நேரத்தில் தவறிப்போகும். நம் வீடுகளுக்கு இது தெரியாத விஷயமல்ல.

மிளகு ஸ்ப்ரே வாங்கித் தரலாமா என்று சில அத்தாமார்கள் கேட்டார்கள். தரலாம். பையின் அடியில் டிபன் பாக்ஸுக்குக் கீழே கிடந்தால் பயனில்லை. காற்று எதிரே வீசினால் அடித்தவள் கண்ணில்தான் விழும். வீட்டு மாடியில் காற்றடிக்கும் திசை பார்த்து ஒரு முறை அடித்துப் பழகச் சொல்லுங்கள், காலாவதித் தேதியையும் பாருங்கள். அதைவிட முதலில் 112, பெண்களுக்கான 181, குழந்தைகளுக்கான 1098 ஆகிய மூன்று எண்களும் பிள்ளைக்கு மனப்பாடமாக இருக்கட்டும். போன் பறிபோனால் போனில் சேமித்த எண் உதவாது.

எந்த வகுப்பில் சேர்ப்பதாக இருந்தாலும், நம் வகுப்போ வேறு இடமோ, ஒரு நாள் முழுவதும் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். உட்கார விடமாட்டோம் என்றால் அங்கேயே முடிந்தது. பெற்றவர் பார்க்கக் கூடாத எதையும் பிள்ளைக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் உண்மையாக எதிர்க்கிறார்களா, அல்லது தொட்டவுடன் விழுகிறார்களா என்று பாருங்கள். ஆசிரியரிடம், "இது எப்போ வேலை செய்யாது மாஸ்டர்?" என்று கேளுங்கள். நிதானமாகப் பதில் சொல்பவரை நம்பலாம். கோபப்படுகிறவரிடமும் எல்லா நேரத்திலும் வேலை செய்யும் என்கிறவரிடமும் பிள்ளையை விடாதீர்கள். தொட்டுச் சொல்லிக் கொடுக்க வேண்டிய கலை இது. அந்தச் சாக்கில் எல்லை மீறுபவர்களும் உண்டு. போக்சோ சட்டம் பயிற்சியாளருக்கும் பொருந்தும் என்பதைச் சேரும் நாளிலேயே சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள்.

தலை குனிந்து வணங்கும் பழக்கம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ருகூவைப்போல் குனிய வேண்டியதில்லை, நிமிர்ந்து நின்று நெஞ்சில் கை வைத்து மரியாதை செய்தால் போதும் என்று நம் வகுப்புக்கு வரும் பயிற்சியாளர்களிடம் பேசிவிட்டோம். அவர்கள் மனமுவந்து ஒத்துக்கொண்டார்கள். இதைக் காரணம் காட்டிப் பிள்ளைகளை அனுப்பாமல் இருக்க வேண்டாம்.

வகுப்பு இன்ஷா அல்லாஹ் வரும் மாத முதல் ஞாயிறு தொடங்கும். பெண் பிள்ளைகளுக்கு அஸருக்கு முன்பு, பெண் பயிற்சியாளர். தாய்மார்கள் மண்டபத்திலேயே இருக்கலாம், விரும்பினால் சேர்ந்தும் பழகலாம். பையன்களுக்கு ஃபஜ்ருக்குப் பின். முதல் நாள் பிள்ளைகளோடு பெற்றோரில் ஒருவராவது வர வேண்டும், அன்று பாதி நேரம் பெரியவர்களுக்கான பேச்சுதான். முதல் மூன்று மாதம் பெல்ட் கிடையாது, சீருடை கிடையாது, தளர்வான உடை போதும். கட்டணம் இல்லை. பழைய பாய்களோ மெத்தைகளோ நல்ல நிலையில் இருந்தால் அலுவலகத்தில் கொண்டுவந்து கொடுங்கள்; கீழே விழுந்து பழகத் தேவைப்படும்.